செலக்டர் திருகின் சரித்திரம்

பாட்டுக்கும் படத்துக்கும் உரிய கருவிகள் ஒரு வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டுவிட்ட நாள் முதல், அவற்றுள் எதன் குரல் இப்போது ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஏதாவது ஒன்று ஏற்றாக வேண்டியிருக்கிறது; இன்று அதை ஏற்றிருப்பது ஹோம் தியேட்டர் ரிசீவரும் அதன் முகப்பிலுள்ள செலக்டர் திருகுமே ஆகும். டி.டி.எச். பெட்டி, ப்ளூ-ரே பிளேயர், விளையாட்டுக் கருவி, ரிக்கார்டு பிளேயர் என எல்லாக் கருவிகளின் கம்பிகளும் அதன் முதுகில் வந்து சேர்கின்றன. திருகைத் திருப்பியதும் வேண்டியது வந்துவிட்டால் அதைப் பற்றி எவரும் இரண்டாம் முறை நினைப்பதில்லை. வராதபோதுதான் துன்பம். படம் வருகிறது, ஒலி இல்லை; ஒலி வருகிறது, திரை இருண்டிருக்கிறது; ஒன்றைக் கேட்டால் மற்றொன்று வருகிறது; சில வீடுகளில் யாரும் தொடாமலே பெட்டி வேறொன்றுக்குத் தாவுகிறது. இவை எல்லாவற்றையும் ஒரே நோயின் குறிகளாகக் கருதி, முதுகிலுள்ள கம்பிகளை ஒட்டுமொத்தமாகப் பிடுங்கி மாட்டிப் பார்ப்பவர்களே மிகுதி. உண்மையில் ஒவ்வொரு கோளாறும் ஒவ்வொரு காலத்தில் பிறந்தது. அந்தந்தக் காலத்து ஸ்விட்ச் மறைந்துபோகாமல் இன்றைய பெட்டிக்குள்ளேயே அடுக்கடுக்காக வாழ்கிறது. ஆகையால் இத்திருகின் சரித்திரத்தை அறிந்தவருக்குக் கோளாறு குடியிருக்கும் அடுக்கு எது என்பது பாதி புரிந்துவிடும் என்பதே இக்கட்டுரை நிலைநாட்ட விரும்பும் கருத்து.

பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்து இணைக்கும் தொழில் சங்கீதத்தின் பொருட்டுத் தோன்றியதன்று. டெலிபோனின் பொருட்டுத் தோன்றியது. 1878 ஜனவரி 28-ஆம் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில், ஜார்ஜ் காய் என்பவர் 21 சந்தாதாரர்களைக் கொண்டு வர்த்தக முறையிலான முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைத் தொடங்கியபோது, அதன் ஸ்விட்ச் பலகைக்கு வண்டிகளில் முடுக்கும் போல்ட்டுகளே உறுப்புகளாக அமைந்தன. பின்னர் வந்த எக்ஸ்சேஞ்சுகளில், பலகையின் முன் அமர்ந்த பெண்கள் கயிறு போன்ற கம்பியின் நுனியிலிருந்த பிளக்கை உரிய துளையில் செருகி இருவரைப் பேச வைத்தார்கள். அந்தக் கால் அங்குல பிளக்கின் வம்சம் இன்னும் அழியவில்லை. ரிசீவரின் முகப்பில் ஹெட்போனுக்கென்று இருக்கும் பெரிய துளை அதற்கு உரியதே. கன்ஸாஸ் நகரில் ஈமக்கிரியைத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரௌஜர் 1891-இல் பேடண்ட் பெற்று, 1892-இல் இண்டியானா மாகாணத்து லா போர்ட் ஊரில் நிறுவிக் காட்டிய தானியங்கி எக்ஸ்சேஞ்ச், மனிதக் கை செய்த தேர்வை மின் துடிப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு யந்திரமே செய்யும்படி மாற்றியது. கையால் தேர்தல், கட்டளையால் தேர்தல் என்னும் இவ்விரண்டு முறைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிறந்துவிட்டன. வீட்டுக் கருவிகள் முதல் முறையிலிருந்து இரண்டாம் முறைக்கு வந்து சேர மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன.

வீட்டுக்குள் இத்தேர்வு முதன்முதல் நுழைந்தது வால்வு ரேடியோவின் வாயிலாக. கிராமபோனின் ஊசியசைவை மின்னோட்டமாக மாற்றும் பிக்-அப் 1920-களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்ததும், ரேடியோ பெட்டிக்குள் சும்மா இருக்கும் ஆம்ப்ளிபையரைக் கொண்டே இசைத்தட்டையும் ஒலிக்கச் செய்யலாமே என்ற யோசனை தயாரிப்பாளர்களுக்குத் தோன்றியது. அதன் விளைவாக, மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று மாற்றும் பேண்ட் ஸ்விட்சிலேயே ‘கிராம்’ என்றொரு நிலை கூடுதலாகச் சேர்ந்தது. பெட்டியின் முதுகில் பிக்-அப்புக்கென இரண்டு துளைகள் தோன்றின. சென்னை வானொலி நிலையம் 1938-இல் பணி தொடங்கிய பின், நம் வீடுகளின் கூடத்து அலமாரிகளில் இடம்பெற்ற மர்பி, பிலிப்ஸ் பெட்டிகள் பலவற்றிலும் இத்துளைகள் உண்டு. அவற்றில் எதையும் செருகாமலே ஆயுள் முடிந்த பெட்டிகள் எத்தனையோ. ஆயினும் இன்றைய ரிசீவரின் இன்புட் செலக்டருக்கு மூதாதை அந்தக் ‘கிராம்’ நிலையே.

அந்த ஸ்விட்சைப் பெட்டியிலிருந்து கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தவருக்கு அதன் பலமும் பலவீனமும் ஒருங்கே விளங்கும். பழுப்பு நிறமான மெல்லிய பேக்கலைட் வகை அட்டையொன்று வட்டமாக வெட்டப்பட்டிருக்கும்; அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளி முலாம் பூசிய சிறு உலோகப் பற்கள் வரிசையாக நிற்கும்; நடுவே சுழலும் வளையத்தின் நீட்டிய நாக்கு ஒவ்வொரு பல்லின் இரு தாடைகளுக்கிடையே புகுந்து வெளியேறும்; எஃகுக் குண்டு ஒன்று பள்ளத்தில் விழும் ‘கடக்’ என்ற ஓசையால், நிலை மாறியதை விரல் அறியும். வெள்ளியைத் தேர்ந்தது அது மின்னோட்டத்தை மற்றெல்லா உலோகங்களையும்விட நன்றாகக் கடத்துவதால். ஆனால் பூஜை அறையின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் நாள்படக் கறுப்பது போலவே, காற்றிலுள்ள கந்தகம் பட்டு இந்தப் பற்களும் கறுக்கும். பயன்படுத்தாத நிலைகளில் அக்கறுப்பு விரைவில் தடிக்கும். திருப்பும்போது கரகரப்பு, ஒரு பக்கம் ஒலி மங்குதல், திருகைச் சற்று ஆட்டினால் திரும்ப வருதல் ஆகிய குறிகள் அதிலிருந்தே பிறக்கும். இதற்கு ரேடியோ மெக்கானிக்குகள் கண்ட சிகிச்சை இன்றும் மாறவில்லை. மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரை அளவாகத் தெளித்து, திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பலமுறை திருப்பி, உலர விட்டுப் பிறகு சோதிப்பதே அது. உப்புத்தாளால் தேய்ப்பவர் கறுப்போடு வெள்ளி முலாமையும் போக்கிவிடுகிறார். அந்த ஸ்விட்ச் பின்பு அதிக நாள் நிலைப்பதில்லை.

கோளாறு தேடுவது ஒரு சாஸ்திரமாக உருப்பெற்றதும் இக்காலத்திலேதான். நியூயார்க்கில் ஜான் ரைடர் என்பவர் 1931 முதல், பற்பல நிறுவனங்களின் ரேடியோ பெட்டிகளுக்குரிய மின்சுற்றுப் படங்களை ஒன்றுதிரட்டிப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டு வந்தார். 23 தொகுதிகள் வரை வளர்ந்த அந்நூல் வரிசை ரிப்பேர் கடைகளின் நிகண்டாக விளங்கியது. அவரே 1939-இல், சிக்னலை அது புறப்படும் இடத்திலிருந்து படிப்படியாகத் தொடர்ந்து சென்று, எந்தப் படியில் அது மறைகிறதோ அந்தப் படியே குற்றவாளி என்று முடிவுகட்டும் முறையைத் தனி நூலாக எழுதினார். இதற்கு முன்னும் கெட்டிக்கார மெக்கானிக்குகள் அவ்வாறே செய்திருப்பார்கள்; ஆனால், ஊகத்தால் பாகங்களை மாற்றிக்கொண்டிருந்த ஒரு தொழிலுக்கு அதை நியதியாக வகுத்துக் கொடுத்த பெருமை அவரைப் போன்ற ஆசிரியர்களுக்கே உரியது. இம்முறையின் பிரயோஜனம் வால்வோடு மறையவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இசைத்தட்டின் அபிவிருத்தி செலக்டரின் வேலையை இரட்டித்தது. கொலம்பியா நிறுவனம் 1948-இல் நீண்ட நேரம் ஒலிக்கும் எல்.பி. தட்டை வெளியிட்டது; தட்டில் பதியும்போது தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தும் உயர்ந்த சுருதிகளைக் கூட்டியும் பதிவதற்கும், ஒலிக்கும்போது அதை நேர்செய்வதற்கும் உரிய பொது அளவு 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலில் நிலைபெற்றது. அதே 1954-இல் ஹார்மன் கார்டன் நிறுவனம், ரேடியோ ட்யூனரையும் ஆம்ப்ளிபையரையும் ஒரே பெட்டியில் அடக்கி விற்ற ‘பெஸ்டிவல்’ என்ற கருவியே பிற்காலத்து ரிசீவர்களுக்கு முன்மாதிரி. 1958-இல் ஸ்டீரியோ தட்டுகள் கடைகளுக்கு வந்தபோது, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு தடங்கள் தேவைப்பட்டன. ஸ்விட்சின் அட்டைகளும் ஒரே அச்சில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டன. இரு தடங்களுள் ஒன்றில் மட்டும் அழுக்கு சேர்ந்தால் இடப்பக்கம் ஒலித்து வலப்பக்கம் ஊமையாகும் அனுபவம் அது முதல் ஏற்பட்டது.

இக்காலம் விட்டுச் சென்ற இரண்டு சிக்கல்களை இன்றும் வீடுகளில் காணலாம். ஒன்று ‘போனோ’ துளையைப் பற்றியது. காந்த வகைப் பிக்-அப் தருவது சுமார் 5 மில்லி வோல்ட், சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட், அதாவது ஏறத்தாழ 400 மடங்கு. ஆகவே ரிக்கார்டு பிளேயரை வேறு துளையில் மாட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்பதும், சி.டி. பிளேயரைப் போனோ துளையில் மாட்டினால் காது கிழிய இரைவதும் செலக்டரின் குற்றமல்ல. துளை மாறியதன் விளைவு. மற்றொன்று ‘டேப் மானிட்டர்’ என்னும் பொத்தானைப் பற்றியது. பதிவு செய்துகொண்டிருக்கும்போதே பதிந்ததைக் கேட்டுச் சரிபார்க்கும் வசதிக்காக, செலக்டர் தேர்ந்த சிக்னலை வெளியே டேப் ரிக்கார்டருக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்பி வருவதை ஆம்ப்ளிபையருக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. டேப் ரிக்கார்டரே இல்லாத வீட்டில் யாரேனும் துடைக்கும்போது அப்பொத்தான் அமுங்கிவிட்டால், செலக்டரை எங்கே திருப்பினாலும் மௌனமே விடையாகும். ஊமையான பழைய ரிசீவரைக் கடைக்கு எடுத்துச் செல்லுமுன் அப்பொத்தானை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வீடியோ வந்ததும் தேர்வு மீண்டும் ஒரு திருப்பத்தை அடைந்தது. ஜப்பானில் 1976-இல் வி.எச்.எஸ். டேப் விற்பனைக்கு வந்தது; டெலிவிஷன் பெட்டியோடு மற்றொரு கருவி இணைய வேண்டிய அவசியம் சாமான்யக் குடும்பத்துக்கும் ஏற்பட்டது. பிரான்ஸ் தேசம் 21 முனைகள் கொண்ட ‘ஸ்கார்ட்’ என்னும் ஒற்றைக் கனெக்டரை வகுத்து, 1980 முதல் அங்கு விற்கும் புதிய டெலிவிஷன் பெட்டிகள் அனைத்திலும் அது இருந்தாக வேண்டும் என்று விதித்தது. அதன் எட்டாம் முனை சரித்திரத்தில் தனி இடம் பெறத்தக்கது. வீடியோ பிளேயர் இயங்கத் தொடங்கியதும் அம்முனையில் ஒரு மின்னழுத்தத்தை ஏற்றும். டெலிவிஷன் அதை உணர்ந்து, எவரும் பொத்தானைத் தொடாமலே பிளேயரின் படத்துக்கு மாறும். இணைந்த கருவி தன்னைத் தேர்ந்துகொள்ளுமாறு தானே கட்டளையிடும் வழக்கம் வீட்டுக்குள் புகுந்த வாயில் இதுவே என்று கொள்ளலாம். வசதியும் அதிலிருந்து பிறந்தது. இரு கருவிகள் ஒரே வேளையில் கட்டளையிட்டால் எதற்குப் பணிவது என்ற குழப்பமும் அதிலிருந்தே பிறந்தது.

ரிசீவருக்குள்ளும் அதே காலத்தில் ஒரு மௌனப் புரட்சி நடந்தது. முகப்புத் திருகிலிருந்து முதுகிலுள்ள துளைகள் வரை மெல்லிய சிக்னலை நீண்ட கம்பிகளில் இழுத்து வந்தால் இரைச்சல் சேரும் என்பதை உணர்ந்த பொறியாளர்கள், ஸ்விட்சையே துளைகளின் அருகில் வைத்துவிட்டு, முகப்பிலிருந்து கட்டளையை மட்டும் அனுப்பத் தலைப்பட்டார்கள். அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி 1835-இலேயே கண்ட ரிலே சில பெட்டிகளில் இவ்வேலையைச் செய்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968-இல் தொடங்கிய சிமாஸ் ஐ.சி. வரிசையில் அடங்கிய அனலாக் ஸ்விட்சுகளும் அவற்றின் வழிவந்தவையும் மற்ற பெட்டிகளில் அமர்ந்தன. மூன்றே கட்டளைக் கம்பிகளைக் கொண்டு எட்டு வழிகளுள் ஒன்றைத் திறக்க வல்லது அவ்வகை ஐ.சி. முகப்புத் திருகு அன்றோடு தன் பழைய தொழிலை இழந்தது. இப்போது அது சிக்னலைத் தொடுவதேயில்லை. சுழலும்போது இரண்டு துடிப்பு வரிசைகளை அனுப்பும் என்கோடராக மாறி, எந்த வரிசை முந்துகிறது என்பதைக் கொண்டு வலமா இடமா என்று பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோ கண்ட்ரோலருக்கு அறிவிப்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு படி திருப்பினால் இரண்டு படி தாவுவதும், வலப்புறம் திருப்பினால் இடப்புறம் நகர்வதும் இந்த என்கோடரில் அழுக்கு சேர்ந்ததன் அடையாளங்கள். ரிமோட்டால் மாற்றும்போது செலக்டர் ஒழுங்காக நகர்கிறதென்றால் நோய் திருகிலேயே இருக்கிறது என்று நிச்சயிக்கலாம். ரிலேயின் கான்டாக்ட் கறுத்திருந்தால், இன்புட்டை இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டதும் மறைந்த ஒலி திரும்பும். எந்த இன்புட்டிலும் ஒலி மறைந்து, சத்தத்தைக் கூட்டியதும் திரும்பினால், செலக்டரை விட்டுவிட்டு ஸ்பீக்கருக்கு முந்திய ரிலேயைச் சந்தேகிக்க வேண்டும்.

டால்பி சர்ரவுண்ட் 1982-இலும் புரோ லாஜிக் 1987-இலும் வீட்டுக் கருவிகளுக்கு வந்து, ரிசீவரை ‘ஹோம் தியேட்டர்’ என்ற பட்டத்துக்கு உரியதாக்கின. 1983-இல் டோஷிபா கொணர்ந்த ஒளியிழை இணைப்பும், 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி.யும் சேர்ந்தபோது, ஒரே கருவிக்குப் படத்துக்கு ஒரு கம்பி, ஒலிக்கு வேறொரு கம்பி என்ற நிலை ஏற்பட்டது. எந்தத் துளை எந்தப் பெயருக்கு உரியது என்பதை உரிமையாளரே மெனுவில் வகுத்துக்கொள்ளும் ‘அசைன்’ ஏற்பாடு அதனால் அவசியமாயிற்று. முகப்பில் ஒளிரும் பெயருக்கும் முதுகிலுள்ள துளைக்கும் இருந்த நேரான உறவு அன்று அறுந்தது. படம் ஒரு கருவியிலிருந்தும் ஒலி வேறொரு கருவியிலிருந்தும் வரும் விசித்திரத்துக்கு, பெரும்பாலும் இந்த மெனுவில் செய்த ஒரு மாற்றமே காரணமாக இருக்கும். அழுக்கும் இல்லை, பழுதும் இல்லை, ஏட்டில் உள்ள வகுப்பு மாத்திரமே தவறு.

2002 டிசம்பரில் ஏழு நிறுவனங்கள் கூடி வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. விதிமுறையோடு இச்சரித்திரத்தின் தற்போதைய அத்தியாயம் தொடங்குகிறது. படம், ஒலி, கட்டளை மூன்றையும் 19 முனைகள் கொண்ட ஒரே கனெக்டரில் அடக்கிய அந்த இணைப்பில், கம்பியைச் செருகியதும் சிக்னல் ஓடிவிடுவதில்லை. அதற்கு முன் ஒரு சம்பாஷணை நடந்தாக வேண்டும். அனுப்பும் கருவி முதலில் 5 வோல்ட்டை ஒரு முனையில் ஏற்றித் தன் வரவை அறிவிக்கிறது. பெறும் கருவி ‘ஹாட் பிளக்’ என்னும் முனையை உயர்த்தித் தான் தயார் என்கிறது. அதன்பின் அனுப்புவது, பெறுவதன் தகுதிப் பட்டியலை வாசிக்கிறது. கம்ப்யூட்டர் திரைகளுக்காக 1994-இல் 128 பைட் அளவில் வகுக்கப்பட்ட பட்டியலின் விரிவே அது. கடைசியாக, திருட்டுப் பிரதியைத் தடுக்க இண்டெல் நிறுவனம் உருவாக்கிய எச்.டி.சி.பி. என்னும் பூட்டுக்காக, ஒவ்வொரு கருவியும் தனக்குள் மறைத்து வைத்துள்ள, 56 பிட் நீளமுள்ள 40 ரகசியச் சாவிகளின் துணையால் தன் அடையாளத்தை மெய்ப்பிக்கிறது. பூட்டின் முதற் பதிப்பில் இந்த ஒப்புதல் ஒருமுறையோடு முடிவதுமில்லை. 128 பிரேம்களுக்கு ஒருமுறை, அதாவது சில விநாடிக்கொரு தடவை, திரும்பச் சரிபார்க்கப்படுகிறது. திரை ஒரு கணம் ஒளிர்ந்து உடனே இருளும் கோளாறு ஏன் அத்தனை ஒழுங்கான இடைவெளியில் நிகழ்கிறது என்பதற்கு இதில் விளக்கம் உண்டு.

ரிசீவரோ இச்சம்பாஷணையில் நடுவே நிற்பது. பிளேயருக்கு அது திரையாகத் தோன்ற வேண்டும். திரைக்கு அது பிளேயராகத் தோன்ற வேண்டும். செலக்டரை மாற்றும்போதெல்லாம் இரு பக்கத்து ஒப்புதலையும் புதிதாக நடத்திவைக்க வேண்டும். இரண்டில் ஒரு பக்கம் தாமதித்தாலும், பழைய பதிப்பின் பூட்டோடு புதிய பதிப்பின் சாவி பொருந்தாவிட்டாலும், நீண்ட கேபிளில் சிக்னல் நலிந்தாலும் திரை இருளும். ப்ளூ-ரேயின் காப்புரிமை விதிகளோ, 2010 முடிவுக்குப் பின் செய்யும் புதிய பிளேயர்களின் அனலாக் படத் தரத்தைச் சுருக்கி, 2013 முடிவுக்குப் பின் அதை அறவே நீக்கிவிட்டபடியால், கறுப்புத் திரையிலிருந்து தப்பப் பழைய மூன்று நிறக் கம்பிகளின் உதவியை நாடும் வழியும் அடைபட்டது. இவற்றோடு சி.இ.சி. என்னும் ஒற்றைக் கம்பிக் கட்டளை முறை, ஸ்கார்ட்டின் எட்டாம் முனை தொடங்கிவைத்த வழக்கத்தைப் பன்மடங்காகப் பெருக்கியது. டெலிவிஷனை அணைத்து ஏற்றியதும் ரிசீவர் தானாக வேறு இன்புட்டுக்குத் தாவுவதன் காரணம் பெரும்பாலும் அதுவே. பயனரின் கை எவ்வளவு திருந்தினாலும் தீராத கோளாறும் உண்டு. 2020-இல் வெளிவந்த சில ரிசீவர்களின் எச்.டி.எம்.ஐ. சிப்பிலேயே இருந்த பிழையால், புதிய விளையாட்டுக் கருவிகள் அனுப்பிய 4கே, 120 பிரேம் படம் கறுப்பாகவே வந்தது. இணைப்பைச் சுற்றிவிடும் தனிப்பெட்டி கொடுத்தும், உள்பலகையை மாற்றியுமே தயாரிப்பாளர்கள் அதைத் தீர்த்தார்கள்.

இவ்வளவு அடுக்குகளைக் கண்டபின் தேடும் முறை தெளிவாகிறது. அது ரைடர் காலத்து முறையின் நேரான வாரிசே. முதற்கேள்வி, கோளாறு ஒரு கருவிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்பது. எல்லாவற்றுக்குமென்றால் செலக்டரைக் கடந்த இடத்தில் தேட வேண்டும். ஒன்றுக்கு மட்டுமென்றால், சரியாக ஒலிக்கும் மற்றொரு துளைக்கு அதே கேபிளை மாற்ற வேண்டும்: கோளாறு கேபிளோடு போனால் கருவியோ கேபிளோ குற்றவாளி, துளையோடு நின்றால் துளையோ அசைன் மெனுவோ குற்றவாளி. அடுத்து ரிசீவரை விலக்கி, பிளேயரை நேரே டெலிவிஷனில் மாட்டிப் பார்க்க வேண்டும். பிறகு சி.இ.சி.யை நிறுத்தி, படத்தின் தரத்தை ஒரு படி தாழ்த்திச் சோதிக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், எல்லாவற்றையும் சில நிமிடம் சுவர்ப் பிளக்கிலிருந்தே பிடுங்கிவைத்து, டெலிவிஷன், ரிசீவர், பிளேயர் என்ற வரிசையில் ஏற்ற வேண்டும். பாக்டரி ரீசெட் கடைசி ஆயுதம். அசைன் வகுப்புகளையும் ஸ்பீக்கர் அளவுகளையும் சேர்த்தே அது அழிப்பதால், அதற்கு முன் அவற்றைக் குறித்துவைப்பது கடமை. எந்தப் படியிலும் ஒரு வேளையில் ஒன்றைத் தவிர இரண்டை மாற்றலாகாது.

ஆயினும் முறை அறிந்தவருக்கும் இன்று ஒரு பெருங்குறை எஞ்சுகிறது. வால்வு ரேடியோவின் காலத்தில் மின்சுற்றுப் படம் விலைகொடுத்தால் கிடைத்தது. மூலைமுடுக்கிலிருந்த மெக்கானிக்கும் அதைக் கொண்டு ஒவ்வொரு படியையும் தன் மீட்டரால் தொட்டறிந்தான். இன்றைய ரிசீவரில் சம்பாஷணை எந்தப் படியில் முறிந்தது என்பது பெட்டிக்குள்ளிருக்கும் சிப்புக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தும், உரிமையாளருக்குக் கிடைப்பது ‘சிக்னல் இல்லை’ என்ற இரண்டு சொற்களே. சில ரிசீவர்கள் தம் தகவல் பக்கத்தில் உள்வரும் படத்தின் தரத்தையும் வெளிச்செல்லும் படத்தின் தரத்தையும் காட்டுகின்றன. அவ்வளவு காட்ட முடிந்தவர்களால், பட்டியல் வாசிப்பு முடிந்ததா, பூட்டு ஒப்புக்கொண்டதா, எந்தக் கருவி இன்புட்டை மாற்றச் சொன்னது என்பதையும் காட்ட முடியும். சிப்புக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரையில் எழுதிக் காட்டப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும். யந்திரத்துக்குத் தேர்வைக் கொடுத்துவிட்ட நாம், அத்தேர்வு ஏன் தவறியது என்று கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தரும் பெட்டியையே நல்ல பெட்டி என்று வாங்குவோர் மதிக்கத் தொடங்கினால், தயாரிப்பாளர்களும் அந்தப் பக்கத்தைத் திறந்துவைப்பார்கள்.